ஒரு கொழுப்புக் கட்டியின் வரவு செலவு

டி17.1. முதுகு, மார்பு, வயிற்றுப் பக்கம் தோலுக்கு அடியில் வளரும் சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 நோய்ப் பட்டியல் கொடுத்திருக்கும் எண் இது. சென்னைப் புறநகரில் அஸ்தினாபுரத்திலும் குரோம்பேட்டையிலும் இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பார்மசி, நர்சிங், மைக்ரோபயாலஜி படித்துவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அமெரிக்க நோயாளியின் சார்ட்டைத் திறந்து, கட்டி வலது கையிலா இடது கையிலா என்று பார்த்து எண் போடுவது அவர்கள் அன்றாடப் பிழைப்பு. அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு இங்கே அதே கட்டியை எடுத்தாலோ, டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரம் 'முதுகில் வீக்கம், அகற்றப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்த ஒற்றை வரிக்கு என்ன விலை என்று கணக்குப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எத்தனை பேர்?

கொழுப்புக் கட்டி ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. 40 முதல் 60 வயதுக்குள்தான் அதிகம். நம் பகுதியில் எத்தனை பேர் என்று பார்ப்போம். 2021-ல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. அஸ்தினாபுரமும் அதற்குள் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதிகளின் மொத்த மக்கள்தொகை 7 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஒருவர் என்றாலே 7,000 பேர். அத்தனை பேருக்கும் அறுவை தேவையில்லை. விரலால் அழுத்தினால் மெத்தென்று நழுவும், வலிக்காத, வளராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். 5 செ.மீ.க்கு மேல் பெரிதானாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, ஆழத்தில் கெட்டியாக ஒட்டியிருந்தாலோ உடனே சர்ஜனிடம் காட்ட வேண்டும். லைப்போசார்கோமா என்ற புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

எத்தனை எண்கள்?

ஐ.சி.டி-10-ல் டி17 தலைப்பின் கீழ் 9 எண்கள். தோலுக்கு அடியில் வரும் கட்டிக்கு வேண்டியவை இவை:

டி17.0 – தலை, முகம், கழுத்து
டி17.1 – உடற்பகுதி (முதுகு, மார்பு, வயிறு)
டி17.2 – கை, கால்
டி17.3 – பிற இடங்கள், இடம் குறிப்பிடாதவை

மார்புக்கூட்டுக்குள், வயிற்றுக்குள் வரும் கட்டிகளுக்குத் தனி எண்கள். தோலுக்கு அடியிலா உள்ளுறுப்பிலா என்றே எழுதாவிட்டால் டி17.9.

அமெரிக்கா இதே பட்டியலை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டது. 2015 செப்டம்பர் வரை அங்கே பழைய ஐ.சி.டி-9. அதில் கொழுப்புக் கட்டிக்கு மொத்தம் 7 எண்கள். முதுகுக்கும் கைக்கும் காலுக்கும் சேர்த்து 214.1 என்ற ஒரே எண். 2015 அக்டோபர் 1 முதல் அந்த 7 எண்கள் 16 ஆயின. கை, காலுக்கு மட்டும் ஐந்து: வலது கை டி17.21, இடது கை டி17.22, வலது கால் டி17.23, இடது கால் டி17.24, எது என்று டாக்டர் எழுதாவிட்டால் டி17.20.

அறுவைக்கு அங்கே சி.பி.டி. என்ற வேறொரு பட்டியல். முதுகில் தோலடிக் கட்டி 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் 21930; 3 செ.மீ.யோ அதற்கு மேலோ என்றால் 21931. தசையுறைக்கும் கீழே இருந்தால் எல்லை 5 செ.மீ.; எண்கள் 21932, 21933. சர்ஜன் 2.8 என்று எழுதினால் ஒரு தொகை, 3 என்று எழுதினால் இன்னொரு தொகை. அளவே எழுதாவிட்டால் கோடர் ஊகித்துப் போட முடியாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும்.

கோடரின் கணக்கு

கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் 4 மணி நேரத்தில் 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. தேர்ச்சிக்கு 70 சதவீதம். வேலையில் சேர்ந்த பிறகு ஆடிட்டில் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது 95 சதவீதத் துல்லியம். ஒருவர் நாளுக்கு 80 சார்ட் முடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 95 சதவீதத்திலும் 4 தவறு; 25 வேலை நாளில் 100. பயாப்ஸி முடிவு வருமுன் 'கொழுப்புக் கட்டியாக இருக்கலாம்' என்று புறநோயாளிக் குறிப்பில் எழுதியிருந்தால் டி17 போடக்கூடாது, ஆர்22 என்ற வீக்கத்துக்கான எண்தான் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கடல் தாண்டிய நோயாளிக்கு இத்தனை கறார். நம் நோயாளிக்கும் இதில் பாதியாவது வேண்டும்.

நம்மூர் ரூபாய்க் கணக்கு

இந்திய மருத்துவக் காப்பீட்டுக் கிளைம் படிவத்தின் இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டியது மருத்துவமனை. அதில் முதன்மை நோய், கூடுதல் நோய் என்று வரிசையாக ஐ.சி.டி-10 எண்ணுக்கென்றே கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டத்தில் விழும் எண்ணை வைத்துத்தான் காப்பீட்டுக் கம்பெனி மூன்று கேள்வி கேட்கும்.

முதல் கேள்வி, காத்திருப்புக் காலம். 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் சாதாரணக் கட்டிகளுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 1-ல் எடுத்த பாலிசி இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தால், 2026 மே 25-ல் செய்யும் அறுவைக்குப் பணம் வராது. ஜூன் 2-ல் செய்தால் வரும். பில் ரூ.30,000 என்று வையுங்கள். மே மாதம் செய்தால் முழு ரூ.30,000 உங்கள் கைக்காசு. ஜூனில் செய்தால், இந்தப் பாலிசியில் நோயாளி ஏற்க வேண்டிய 5 சதவீதப் பங்கு ரூ.1,500 மட்டும் நீங்கள்; மீதி ரூ.28,500 கம்பெனி. ஒரு வாரத்தின் விலை ரூ.28,500. அவசரமில்லாத கட்டி என்று சர்ஜன் சொன்னால் இந்தத் தேதியைப் பார்த்து நாள் குறிப்பதில் தவறில்லை. சந்தேகக் கட்டி என்றால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, முன்பே இருந்த நோயா என்பது. பாலிசி எடுக்குமுன் 36 மாதத்துக்குள் டாக்டர் கட்டி என்று எழுதியிருந்தால் அது முன்பே இருந்த நோய். அதற்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். இரண்டு காலமும் பொருந்தினால் நீளமானதே செல்லும். விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுவதே நல்லது.

மூன்றாவது, அழகுக்காகச் செய்ததா, புறநோயாளி சிகிச்சையா என்பது. அழகு அறுவைக்குப் பாலிசியில் இடமில்லை. மரப்பு ஊசி போட்டு ஓ.பி.யில் எடுத்து அனுப்பினாலும் பெரும்பாலான பாலிசிகளில் பணம் இல்லை. வலி, நரம்பு அழுத்தம், வளர்ச்சி, அளவு என எடுத்த காரணம் சம்மரியில் இல்லையென்றால், நியாயமான கிளைமும் இந்த இடத்தில் நின்றுபோகும். அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்குக் கட்டணம் இல்லை. அங்கும் பயாப்ஸி முடிவைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இல்லாத வலியை எழுதச் சொல்லி டாக்டரைக் கேட்பது மோசடி, பாலிசியே ரத்தாகலாம். நடந்ததை முழுமையாக எழுதச் சொல்வது நம் உரிமை. எண்ணிலும் கவனம் வேண்டும்: டி17-க்குப் பதில் மென்திசுப் புற்றுநோய்க்கான சி49 விழுந்தால், சாதாரணக் கட்டிக்காரர் காகிதத்தில் புற்றுநோயாளி ஆகிவிடுவார். அடுத்த பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் அன்று ஐந்து விவரங்கள் சம்மரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கட்டி இருந்த இடமும் பக்கமும், செ.மீ. அளவு, ஆழம், எடுத்த காரணம், ஐ.சி.டி. எண். பயாப்ஸி முடிவு பின்னால் வந்தால், எண்ணை அதற்கேற்பத் திருத்தி வாங்குங்கள். வீட்டில் கோடர் இருந்தால் கிளைம் அனுப்புமுன் அவரிடம் காட்டுங்கள். அமெரிக்க சார்ட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பத்து நிமிடம் போதும்.

அப்படியும் நியாயமில்லாமல் மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ரூ.50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. சம்மரியைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.