எழுபதுக்கு மேல் ஒரு பாடம்

மாணவ நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கைபேசியை ஏந்தி வந்து, "இது என்னவென்று கொஞ்சம் பாரப்பா" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் அதை வாங்கி, நான்கே நொடியில் வேண்டியதைச் செய்து, திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அந்த நான்கு நொடியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நான் அந்தத் தாத்தாக்களின் கட்சியைச் சேர்ந்தவன்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறையை 1972-ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில் கற்றேன். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் நாட்டுத் தந்திச் சேவையே முடிவுற்றது. ஆக, விரலால் தட்டிச் செய்தி அனுப்புவது எனக்குப் புதிதன்று. ஆயினும், எழுபத்தொன்றாம் வயதில் என் பேரன் ஒரு கைபேசியைத் தந்தபோது நான் திணறிப் போனேன்.

எதனால்? நினைவாற்றல் குன்றியதனால் என்றே எல்லோரும் சொல்லுவார்கள். அது முழு உண்மையன்று. எங்கள் வீட்டிலிருந்த பழைய வால்வு வானொலியை எண்ணிப் பாருங்கள். ஒரு திருகு ஒலியைக் கூட்டும். மற்றொரு திருகு நிலையத்தை மாற்றும். எந்நாளும் அதற்கு அதே தொழில்தான். எங்கள் காலத்துக் கருவிகளெல்லாம் அத்தகையவை. கைபேசியின் திரையிலோ, ஒரே இடம் ஒரு பக்கத்தில் 'அனுப்பு' என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் அதே இடம் 'அழி' என்று ஆகிவிடுகிறது. கையைப் பழக்கி வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய குழப்பம் வேறில்லை.

குறிகளும் அப்படியே. உருப்பெருக்கிக் கண்ணாடியின் படத்தைக் கண்டவுடன், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்று மகிழ்ந்து தொட்டேன்; தேடுவதற்குரிய குறி அது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு குறியை மட்டும் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டேன். பழைய தொலைபேசியின் வளைந்த கைப்பிடி அது. என் பேரனுக்கு அந்த வடிவம் எதைக் குறிக்கிறது என்றே தெரியவில்லை! அன்று ஒரு நாள் நான் ஆசிரியனாக இருந்தேன்.

உடலும் சிறிது தடை செய்கிறது. இக்காலத் தொடுதிரை விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. விரல் பட்டதும் மின்னூட்டத்தில் நேரும் சிறு மாறுதலையே அறிகிறது. முதுமையில் தோல் உலர்ந்துவிடுவதால், சில வேளை நாங்கள் தொட்டதே அதற்குத் தெரிவதில்லை. உடனே நாங்கள் அழைப்புமணியை அழுத்துவது போல ஊன்றி அழுத்துவோம். நெடுநேரம் அழுத்துவது வேறொரு கட்டளை என்று கொண்டு, கேளாத பட்டியல் ஒன்றை அது விரித்து வைக்கும்!

இவற்றையெல்லாம் ஒருவாறு கடந்தேன். அதன் பிறகுதான் உண்மையான இடர் வந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் ஒன்றுமே முன்னேறவில்லை. நேற்றுச் செய்ததை இன்று செய்ய முடியவில்லை. வயதாகிவிட்டது, இனி நமக்கு வராது என்று கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டேன். அப்போதுதான் இளமையில் தந்திப் பயிற்சியில் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் தந்தி கற்போரை வாரந்தோறும் சோதித்து, 1897, 1899-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டனர். ஹார்ட்டர் முன்பு தந்தி வேலை பார்த்தவர். செய்தி அனுப்பும் திறமை சீராக வளர்கிறது. செய்தியைக் காதால் வாங்கும் திறமையோ சிறிது வளர்ந்து, பல வாரங்கள் மேட்டுநிலம்போல் சமமாக நின்று, பின்னர் மீண்டும் ஏறுகிறது என்று அவர்கள் கண்டனர். முதலில் ஒருவன் எழுத்து எழுத்தாகக் கேட்கிறான். எழுத்து தானாக வரும் அளவுக்குப் பழகிய பின்னரே சொல் சொல்லாகக் கேட்கிறான். அந்தப் பழக்கம் ஊறும் காலமே அச்சமநிலம் என்பது அவர்கள் கருத்து. எல்லோருக்கும் அது வரும் என்பதைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். எனக்கு இரண்டு முறையும் வந்தது. அவர்கள் சோதித்தவர்கள் கிழவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். இருபத்தோராம் வயதில் நான் நின்றபோது, 'பழகட்டும்' என்றார்கள். எழுபத்தொன்றில் நின்றபோது, 'வயதாகிவிட்டது' என்று நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் நான்கு நொடி குறுக்கிடுவது சரியாக இந்த இடத்தில்தான். "குடுங்க தாத்தா, நானே பண்ணித் தரேன்" என்று பேரன் வாங்கிக்கொள்ளும் போதெல்லாம் வேலை முடிந்துவிடும். பழகியது அவன் விரல், என் விரல் அன்று. ஆகவே அவனிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். கைபேசியைத் தொடக் கூடாது. கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் பாவம்! நான் ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் சொற்களிலேயே எழுதிக்கொண்டேன்.

ஓய்வூதியம் பெறும் எங்களைப் போன்றோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும். 2014-ஆம் ஆண்டில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்று வந்தது. ஆனால் என் விரல்ரேகை தேய்ந்திருந்தமையால் கருவி என்னை ஏற்கவில்லை. நேரில் சென்று வரிசையில் நின்றேன். 2021-ஆம் ஆண்டு முதல் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம் என்று ஆயிற்று. சென்ற நவம்பரில் ஆதார் எண்ணையும், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும், ஓய்வூதிய ஆணை எண்ணையும் நானே பதித்தேன். இரண்டு முறை தவறிற்று. பேரனின் கை தொடையின் கீழேயே இருந்தது. மூன்றாம் முறை முகத்தைக் காட்டியபோது, கண்ணை இமைக்கும்படி திரை கேட்டது. சுயம்வரத்தில் தேவர்கள் நடுவே கண் இமைத்தவனையே நளன் என்று தமயந்தி கண்டுகொண்ட கதை நினைவுக்கு வர, சிரித்துக்கொண்டே இமைத்தேன். சான்று வந்துவிட்டது.

மறுநாள் எதிர்வீட்டு நண்பர் தம் கைபேசியுடன் வந்தார். எனக்கும் மூத்தவர். மூன்றாவது நிமிடத்தில், "இப்படிக் கொடுங்கள்" என்று என் கை தானாகவே நீண்டது. மடக்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன்.