உங்களுக்குத் தெரியுமா? சிறிய வித்தியாசமே பகடையைக் காட்டிக்கொடுத்தது

இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்ட கணிதவியலாளர் ஜான் கெரிச், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் கணக்கெழுதினார். தலை விழுந்தது 5,067 முறை. கோட்பாட்டு நிகழ்தகவு, அதாவது கணக்குப்படி எதிர்பார்ப்பது, 0.5; பட்டறி நிகழ்தகவு, அதாவது சோதனையில் கிடைத்தது, 0.5067. அப்படியானால் நாணயத்தில் கோளாறா? இல்லை. இத்தனை முறை சுண்டும்போது ஐம்பது, அறுபது முன்பின்னாக வருவது சகஜம்.

1894-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டன், 12 பகடைகளை ஒன்றாக 26,306 முறை உருட்டிய முடிவுகளைத் தொகுத்தார். 5 அல்லது 6 விழும் நிகழ்தகவு 0.3333 இருக்க வேண்டும், கிடைத்ததோ 0.3377. கெரிச்சின் வித்தியாசத்தைவிட இது சிறியதுதான். ஆனால் இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. எதிர்பார்த்த எண்ணிக்கை 1,05,224, வந்தது 1,06,602. கூடுதல் 1,378. இவ்வளவு வீச்சுகளில் தற்செயலால் வரும் வழக்கமான விலகல் சுமார் 265 மட்டுமே. முயற்சிகள் பெருகப் பெருக இரண்டு மதிப்புகளும் நெருங்கும் என்றுதானே படித்தோம் என்று கேட்கலாம். பட்டறி மதிப்பு நெருங்குவது அந்தப் பகடையின் உண்மையான நிகழ்தகவை. நாம் தாளில் எழுதிய 1/3-ஐ அல்ல. ஆறு முகங்களும் சமம் என்பது நம் அனுமானம் மட்டுமே. புள்ளிகளுக்காகக் குழி தோண்டியதில் 5, 6 உள்ள முகங்கள் சற்றே எடை குறைந்தன என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். கார்ல் பியர்சன் 1900-இல், எதிர்பார்த்ததும் கிடைத்ததும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையை அறிமுகப்படுத்திய கட்டுரையில் எடுத்துக்காட்டாக ஆராய்ந்ததும் இந்தப் பகடைகளின் கணக்கைத்தான்.