பிச்சாவரம் போய் வருவோமா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கணக்கு வழக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு அக்கா எழுந்து, "இந்த வருசமாவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. கோயில் வேணாம், சும்மா பாத்துட்டு வர்ற மாதிரி எடம்" என்று கேட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள். "சும்மா பாக்குறதுக்கு நாம என்ன கலெக்டர் வீட்டம்மாவா?" என்று ஒருவர் சொன்னதும் மீதிப் பேரும் சிரித்துவிட்டார்கள். கேட்ட அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு மனசில் நின்றுவிட்டது. வேளாங்கண்ணி, மேல்மலையனூர் என்றால் வீட்டில் அனுப்பிவிடுவார்கள். பேங்க் வேலை, பயிற்சி என்றாலும் சரி. காட்டையும் தண்ணியையும் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல மட்டும் நமக்கே வாய் வருவதில்லை. நடவு, களை, மாடு, சமையல், தவணை என்று ஓடுகிற உடம்புக்கு ஒருநாள் உட்கார இடம் வேண்டாமா? அதனால்தான் இந்த மாதம் பிச்சாவரம் பற்றி எழுதுகிறோம்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர், கிள்ளை பக்கம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேருகிற இடங்களுக்கு நடுவே சுமார் 2,700 ஏக்கரில் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற காடு. கடலுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு மணல் திட்டுதான். அலைச் சத்தம் கிடையாது. துடுப்புப் படகில் குறுகலான வாய்க்காலுக்குள் போனால் இரண்டு பக்கமும் கிளைகள் தலைக்கு மேல் பந்தல் போட்ட மாதிரி சேர்ந்துகொள்ளும். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) படப்பிடிப்பு நடந்த இடம் என்று படகுக்காரர் சொல்வார். அதைக் கேட்டதும் எங்கள் வயதான உறுப்பினர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அலையை ஆற்றுவதால், அதாவது தணிப்பதால், இதற்கு அலையாத்திக் காடு என்று பெயர். உப்புத் தண்ணியில் நம்ம வயல் பயிர் கருகிப் போகும். இந்த மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன? வெண்கண்டல் மரம் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்சில் நட்டு வைத்த மாதிரி மேலே நீட்டி மூச்சு விடும். சுரபுன்னைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி சுற்றிலும் வேர் இறங்கும். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பிறகுதான் கீழே விழும். பிள்ளையைப் பெற்று வளர்த்து இறக்கிவிடுகிற மரம் என்று ஒரு அக்கா சொன்னார். தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இதனால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலிலும் புண்ணாகும். கிளை ஒடிக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் வந்த ஆய்வு, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று சொன்னது. தூரமும் மேடும்தான் முக்கியக் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் புயல் காற்றையும் மண் அரிப்பையும் இந்த மரங்கள் தாங்குகின்றன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது இந்த வேர்களுக்கு இடையில்தான்.

இந்தக் காடே ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறிப்போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போய்வர வழி செய்து, கன்று நட்டார்கள். பட்டுப்போன இடம் மறுபடி பச்சையானது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் பிச்சாவரம் சேர்ந்தது.

போகிற வழியில் இருளர் சமூகப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையாலேயே தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அன்றைய கூலி. கேட்காமல் செல்போனில் படம் எடுக்காதீர்கள். நாம் நாற்று நடும்போது ரோட்டில் போகிறவர் கார் நிறுத்திப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இனி பண விஷயம். இதில் நாங்கள் ஒருமுறை தப்பு செய்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு குழு இங்கே போக, உள்கடன் தவணைப் பணத்தை எடுத்து வேன் வாடகை கொடுத்துவிட்டது. "அடுத்த மாசம் கட்டிடுவோம்" என்றார்கள். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். போகாத இரண்டு உறுப்பினர்கள் எங்க பணத்தில் ஊர் சுத்தினீங்களா என்று கேட்க, மூன்று மாதம் கூட்டமே நடக்கவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆகவே சேமிப்பையும் தவணையையும் தொடாதீர்கள். போக விரும்புகிறவர்கள் மட்டும் மாதாமாதம் தனியாகப் போட்டு, தனி நோட்டில் எழுதி, தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்யுங்கள். வேனைவிட சிதம்பரம் வரை பஸ், அங்கிருந்து பிச்சாவரம் பஸ் மலிவு. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். வெளியூர்ப் பறவைகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் கட்டணத்தைக் கேட்டு, ரசீது வாங்கி ஏறுங்கள். மோட்டார் படகு குறுகலான வாய்க்காலுக்குள் போகாது, துடுப்புப் படகே நல்லது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்றாலும் மிதவைச் சட்டையை மாட்டுங்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். படகில் ஏறினால் நடுவில் கழிப்பறை கிடையாது, முன்பே போய்விட்டு வாருங்கள். சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிக்காமலே வந்து மயங்கியவர் உண்டு. புளிசோற்றை இலையில் கட்டுங்கள், பாலிதீன் பை வேண்டாம்.

எங்களோடு வந்த ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். படகு வாய்க்காலுக்குள் நின்றபோது அவர் எதுவும் பேசவில்லை. கரைக்கு வந்ததும், "கல்யாணம் ஆனதுலேர்ந்து கையில வேலை இல்லாம உக்காந்தது இன்னிக்குத்தாம்மா" என்றார். மாலை வீடு திரும்பியபோது அவர் வீட்டுக்காரரே சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்துபோயிருந்ததாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வர விரும்பும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பிரதிநிதி மூலம் பெயர் கொடுங்கள். போன கூட்டத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்தாரே, அந்த அக்காவின் பெயரை நாங்களே முதலில் எழுதி வைத்திருக்கிறோம்.