கை மாறும் சாக்கெட்

சர்வர் புரோகிராமின் புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை நிறுத்தத்தானே வேண்டும், அந்த இடைவெளியில் வந்து தட்டும் இணைப்புகள் என்னாகும் என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். இடைவெளியே விட வேண்டியதில்லை. பழைய புராசஸ், இணைப்புகளை ஏற்கும் தன் சாக்கெட்டைப் புதியதிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்ஸி, 2017இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது.

சாக்கெட் என்று புரோகிராமின் கையில் இருப்பது வெறும் எண். அதை அனுப்பிப் பயனில்லை. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வாங்கிய செருப்பு டோக்கனைத் திருப்பரங்குன்றத்தில் நீட்டி என்ன செய்வது? 7 என்ற எண் புராசஸுக்குப் புராசஸ் வேறு. இயங்குதளத்தின் மையமான கர்னல் நடுவில் நின்றால்தான் சாக்கெட் கை மாறும்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்ஏ டூப்ளிகேட் சாக்கெட் என்ற அழைப்பு இருக்கிறது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பெறும் புராசஸின் எண்ணை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறுமுனை திறக்கும்வரை நம் பக்கம் மூடவும் கூடாது.

யூனிக்ஸ் குடும்பத்தின் வழி வேறு. ஒரே கணினிக்குள் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில், கொடுக்க வேண்டிய சாக்கெட்டை எஸ்சிஎம் ரைட்ஸ் என்ற துணைச் செய்தியாக அனுப்புகிறோம். அனுப்பிய கையோடு மூடிவிடலாம். அப்போது எந்தப் புராசஸிடமும் அது இல்லை. ஆனாலும் கர்னலின் வரிசையில் உயிரோடு காத்திருக்கிறது! என்னை வெகுநாளாக மயக்கி வைத்திருக்கும் விஷயம் இது. ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டுக்குள் இன்னொன்றையும், அதற்குள் முதலாவதையும் அனுப்பிவிட்டு இரண்டையும் மூடினால்? யாராலும் எட்ட முடியாது. ஆனால் ஒன்றை ஒன்று சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு குப்பை அகற்றி ஓடுகிறது. அதிலிருந்த ஓட்டை வழியே ஆண்ட்ராய்டு போன்களைத் தாக்கினார்கள், 2021இல் அடைத்தார்கள். 2024இல் வந்த லினக்ஸ் 6.10இல் அந்தப் பகுதியையே புதிதாக எழுதிவிட்டார்கள்.

இவ்வளவு உழைப்பு அடியில் இருக்க, நாம் "பராமரிப்பு நடைபெறுகிறது" என்று பலகை மாட்டிவிட்டு, பாதிப் படிவம் நிரப்பியவரின் இணைப்பை வெட்டிவிடுகிறோம். அது எனக்குப் பொறுக்கவில்லை. லினக்ஸுக்கு மட்டும் எழுதிவிட்டு விண்டோஸைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளுவதும் இதே அலட்சியம்தான். விண்டோஸ் 10இல் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் வந்துவிட்டது, ஆனால் துணைச் செய்தி வரவில்லை. ஆகவே இரண்டு வழியையும் முதல் நாளே ஒரே சிறு பகுதிக்குள் அடக்கி எழுதுங்கள். பைத்தானின் மல்ட்டிபுராசஸிங் தொகுதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது; அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, ஒருமுறை படித்துப் பாருங்கள்.