மாருதி காரில் டிரெய்லர் கட்டி ஏற்காடு ஏறலாமா? எக்செல்லிடம் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல்லைத் திறந்து பார்த்துவிட்டு, வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். மளிகைக் கணக்கு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு இவற்றைத் தவிர வீட்டில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. சேலத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். கேட்ட வாரத்திலேயே அவருக்கு ஒரு வேலை வந்தது.

ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர் பக்கம் அவருக்குச் சிறிய வீடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் இருக்கின்றன. சேலத்திலிருந்து கட்டில், பீரோ, பம்ப் செட் எல்லாம் மேலே போக வேண்டும். அவரிடம் இருப்பதோ பழைய மாருதி 800. "பின்னால் ஒரு கொக்கி வைத்து, சின்ன டிரெய்லர் கட்டி இழுத்துவிட்டால் என்ன? வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை என்கிறார்கள். வண்டி இழுக்குமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இழுக்குமா என்பதை வாயால் சொல்வதைவிட எக்செல்லிலேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். நீங்களும் கூடவே செய்து பாருங்கள். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க்கை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

பதின்மூன்று கட்டங்கள் போதும்

புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஏ வரிசையில் விவரத்தைத் தமிழில் எழுதுங்கள். பி வரிசையில் எண்ணை மட்டும் இடுங்கள். எண்ணோடு "கிலோ" என்று சேர்த்து எழுதிவிட்டால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு வராது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

பி1-ல் காரின் வெற்று எடை. மாருதி 800 சுமார் 650 கிலோ. பி2-ல் காருக்குள் ஆட்களும் பைகளும், 300 என்று வைத்துக்கொண்டோம். பி3-ல் டிரெய்லரின் சொந்த எடை 120, பி4-ல் அதன் மேல் ஏற்றும் சரக்கு 180. பி5-ல் மவுஸை வைத்துக் கிளிக் செய்து இப்படித் தட்டுங்கள்: =பி1+பி2+பி3+பி4. பி என்பதை ஆங்கில எழுத்தாகவே தட்ட வேண்டும். என்டர் தட்டியதும் 1250 என்று வரும்.

அடுத்து மலை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலாக் கையேடுகள் தரும் உயரம் 1,515 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே வரை மலைப்பாதை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எனவே பி6-ல் ஏறும் உயரம் 1200, பி7-ல் பாதை நீளம் 20000 என்று மீட்டரில் தோராயமாக இடுங்கள். பி8-ல் =பி6/பி7 என்று தட்டி, மேலே கருவிப் பட்டையில் உள்ள சதவீதக் குறியைக் கிளிக் செய்தால் 6 சதவீதம் என்று காட்டும். 100 மீட்டர் போனால் 6 மீட்டர் ஏறுகிறோம் என்று பொருள்.

உங்கள் ஊர் மலை வேறாக இருந்தால் உயரத்துக்கு எங்கே போவது? 2015 முதல் இலவசமாகவே கிடைக்கும் கூகுள் எர்த் புரோவில் "ஆட் பாத்" கருவியால் சாலையின் மேல் கோடு வரைந்து, அந்தக் கோட்டை ரைட் கிளிக் செய்து "ஷோ எலிவேஷன் புரோபைல்" கொடுத்தால் ஏற்ற இறக்கம் வரைபடமாகவே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை. கோடு சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் கொண்டை ஊசி வளைவில் 40 சதவீதச் சரிவு என்று மிரட்டும். அது சாலையின் சரிவு இல்லை, பக்கத்து மலைச் சரிவு.

பி9-ல் வேகம், மணிக்கு 30 கிலோமீட்டர். பி10-ல் ஏறுவதற்குத் தேவையான இழுவிசை: =பி5*9.81*(பி8+0.015). நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு. 9.81 என்பது புவியீர்ப்பு. 0.015 என்பது டயர் உருளும்போது ஏற்படும் தடைக்கு நாம் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. பி11-ல் அதைக் குதிரைத்திறன் ஆக்குங்கள்: =பி10*பி9/3.6/746. விடை சுமார் 10.3.

நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. மாருதி 800-ன் 796 சிசி என்ஜின் 37 குதிரைத்திறன் தருவது. மலை மேலே காற்று மெலிவதால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்தாலும், 10 எங்கே, 37 எங்கே! "அப்ப இழுக்கும்!" என்று எழுந்தே விட்டார்.

இழுக்கும்தான். வளைவில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது கிளட்ச் பாடுபடும், அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி பாதிக் கேள்வி. மேலே போன வண்டி கீழேயும் வர வேண்டுமே! மிளகு மூட்டையோடு டிரெய்லரையும் இறக்கலாம் என்பதுதானே அவருடைய திட்டம்.

முக்கியமான இரண்டு கட்டங்கள்

பி12-ல் இதைத் தட்டுங்கள்: =பி5*9.81*(பி6-0.015*பி7). மலையிலிருந்து இறங்கும்போது வண்டி எப்படியாவது வெளியே தள்ளியாக வேண்டிய சக்தி இது. விடை ஜூல் கணக்கில் ஒரு கோடியே பத்து லட்சம் என்று நீளமாக வரும், புரியாது. அதனால் பி13-ல் =பி12/293000 என்று போடுங்கள். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் எத்தனை லிட்டரைக் கொதிக்க வைக்க இந்தச் சக்தி போதும் என்று அது சொல்லும்.

விடை சுமார் 38 லிட்டர். இரண்டு பெரிய குடம் நிறைந்து மேலும் கொஞ்சம் தண்ணீர். அத்தனையையும் கொதிக்க வைக்கும் சூடு, முன் சக்கரத்தில் உள்ளங்கை அகலமுள்ள பிரேக் தகடுகளுக்கும் பின் சக்கர டிரம்களுக்கும் என்ஜினுக்கும் போய்ச் சேர வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் 40 நிமிடம். அதாவது 2,000 வாட் கீசர் இரண்டுக்கும் மேல் 40 நிமிடம் விடாமல் ஓடுவதற்குச் சமம். 60-ல் இறங்கினால் அதே சூடு பாதி நேரத்தில் வரும்.

இப்போது பி3, பி4 இரண்டிலும் பூஜ்யம் இட்டு என்டர் தட்டுங்கள். கீழே உள்ள விடைகள் தாமாகவே மாறும். ஒர்க்‌ஷீட்டின் அழகே இதுதான், ஒரு எண்ணை மாற்றினால் போதும். டிரெய்லர் இல்லாத காருக்கு விடை சுமார் 29 லிட்டர். கூடுதல் 9 லிட்டர் மட்டும்தானே என்று தோன்றலாம். அந்தக் கூடுதலை ஏற்பது காரின் பிரேக், டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது அந்த 300 கிலோவும் காரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிரேக் தொடர்ந்து சூடானால் பேடுகளின் பிடி குறையும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றிப் பல வருடம் ஆன பழைய வண்டிகள்தான் மலையில் இப்படி மாட்டிக்கொள்கின்றன.

இதற்கு மருந்து எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்ததுதான். ஏறிய கியரிலேயே இறங்குவது. இரண்டாவது கியரில் என்ஜினே பெரும் பங்கைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பி12-ல் உள்ளது முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

ஐரோப்பாவில் சிறிய கார்களில் டிரெய்லர் இழுப்பது சாதாரணம். அங்கே ஒரு காருக்கு இழுவை எடையை நிர்ணயிக்கும்போது, முழுச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நிறுத்திக் கிளப்பிக் காட்ட வேண்டும். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர் காரின் எடையில் பாதியையும் 750 கிலோவையும் தாண்டக்கூடாது. இந்தப் பாதிக் கணக்கை நாமும் எக்செல்லில் இஃப் என்ற பங்ஷனால் போட்டுப் பார்க்கலாம்: =இஃப்(பி3+பி4>பி1/2,"அதிகம்","சரி"). இஃப் என்பதையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். பி3, பி4-ல் பழைய எண்களைத் திருப்பி இட்டால் நம் கணக்கில் 325-க்கு 300, "சரி" என்று வந்தது. பம்ப் செட்டோடு ஒரு சிமென்ட் மூட்டையும் போடலாம் என்று நண்பர் பி4-ஐ 230 ஆக்கினார். "அதிகம்" என்று வந்துவிட்டது.

கொக்கி எங்கே மாட்டுவது?

டிராக்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் சிறிய காருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டிங் செய்த கூடுதான் உடம்பு. கொக்கியை பம்பரில் மாட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். பின்புறத் தரைத்தகட்டில் கெட்டிப்படுத்தப்பட்ட இடங்களில் போல்ட் போட்டு, உள்ளே கனத் தகடு கொடுத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். ரிப்பேரான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கொடுத்திருக்கும் வளையம் இந்த வேலைக்கு ஆகாது.

உருண்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க 2 அங்குலம் 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆன்லைனில் கொக்கி ஒரு கடையிலும் டிரெய்லர் மூடி ஒரு கடையிலும் வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குவது நல்லது. ஏற்றும் சரக்கில் கனமானது டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

விளக்கு இணைப்பு நம் வாசகர்களுக்குப் பிடித்த பகுதி. கம்ப்யூட்டரின் பின்புறம் பின் வைத்த பிளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லருக்கும் ஏழு பின் பிளக் உண்டு. ஐரோப்பிய முறையில் மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, வெள்ளை எர்த். பழைய காரில் ரிலே வைத்து எலக்ட்ரீஷியன் இதை முடித்துவிடுவார். புதிய கார்களில் ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். விளக்குகளைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் மாடல்களில், கூடுதல் பல்பைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். அவற்றுக்கென்று தனி மாட்யூல் இருக்கிறது.

இத்தனைக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, காரோடு வந்த கையேட்டைத் திறந்து டிரெய்லர் பற்றிய பக்கத்தைப் படிப்பது. பல சிறிய கார்களின் கையேட்டில், இழுப்பதற்காக இந்த வண்டி வடிவமைக்கப்படவில்லை என்றே எழுதியிருப்பார்கள். மற்றொன்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் ஒரு தனி வாகனம், அதற்குப் பதிவு வேண்டும். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. காரின் முன்னால் வைக்கும் இரும்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இந்தப் பிரிவைக் காட்டித்தான். இடித்தால் பம்பருக்குப் பாதுகாப்பு என்று இழுக்க எதுவுமில்லாமலே கொக்கி மாட்டிக்கொண்டு திரிபவர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

நண்பரின் கையேட்டிலும் அந்த வரி இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்துக் குதிரைத்திறன் போதும் என்று கணக்கு சொல்கிறதே, அது பொய்யா?" என்றார். பொய்யில்லை. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, வெறும் 16 குதிரைத்திறன் என்ஜினோடு முக்கால் டன் ஏற்றும்படி வடிவமைக்கப்பட்டதுதானே! அதன் சேசிஸ், கியர், பிரேக் எல்லாம் அந்தச் சுமையை நினைத்தே செய்யப்பட்டவை. மாருதியின் பிரேக் நால்வரையும் நாலு பையையும் நினைத்துச் செய்யப்பட்டது.

கட்டிலும் பீரோவும் பம்ப் செட்டும் வாடகைக் குட்டி யானையில் ஒரே நடையில் நாகலூர் போய்ச் சேர்ந்தன. ஒர்க்‌ஷீட்டை அவர் "மலை" என்ற பெயரில் சேவ் செய்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் குடும்பத்தோடு போய் வந்தபோது பி2-ல் எல்லோருடைய எடையையும் இட்டுப் பார்த்தாராம். 31 லிட்டர் என்று வந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார்.