மோட்டார் தகட்டில் இருக்கும் 50

உங்கள் கிணற்று மோட்டாரில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர் என்று வரிசையாக இருக்கும். கூடவே 50 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் உடனே லைன்மேனுக்கு போன் போடுகிறோம். இந்த 50-ஐ மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

மோட்டார் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்று சொல்வது இந்த எண்தான். 50 இருந்தால் நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டி ஓடுகிற மோட்டார், 48 ஆனால் 2880-ஐ ஒட்டித்தான் ஓடும். நூற்றுக்கு நாலு குறைவு, பெரிதா என்று கேட்கலாம். தண்ணீரைத் தூக்கும் உயரம் சுற்றின் வர்க்கத்தில் குறையும். 100 அடி தூக்கிய பம்பு 92 அடிதான் தூக்கும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போயிருக்கும் நேரத்தில் அந்த எட்டு அடிதான் வாய்க்காலில் தண்ணீர் வருமா, குழாய் வெறும் காற்றைத் துப்புமா என்பதை முடிவு செய்யும். 2003-க்கு முன்பு தென்மாநிலங்களில் ஃபிரிக்வென்சி 48-ஐத் தொட்டு நிற்பது சர்வ சாதாரணம். பழைய ஆட்களைக் கேட்டால், மோட்டார் முக்கி முனகி ஓடிய கதையைச் சொல்வார்கள்.

வோல்டேஜ் உள்ளூர்ச் சங்கதி. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் நன்றாக இருந்தால் அதுவும் நன்றாக இருக்கும். ஃபிரிக்வென்சி அப்படியில்லை. ஒரே மின்தொகுப்பில் இணைந்த அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். மொத்த உற்பத்தியும் மொத்தச் செலவும் நொடிக்கு நொடி சரியாக இருந்தால் 50 நிற்கும். செலவு கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். தலைமடைக்காரர் வாய்க்காலை வெட்டிக்கொண்டால் கடைமடை மட்டும்தான் காயும். இங்கே ஒருவர் கூடுதலாக இழுத்தால் தலைமடை, கடைமடை எல்லாருக்கும் அதே நொடியில் குறைகிறது.

அதனால்தான் இதற்குக் காவலும் விதியும். டெல்லியில் தேசிய லோடு டெஸ்பாட்ச் மையம், நமக்கு மேலே பெங்களூரில் தென்மண்டல மையம், சென்னையில் மாநில மையம். எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்று 15 நிமிடத்துக்கு ஒரு கணக்கு. கூடுதலாக எடுத்தால் காசு. ஃபிரிக்வென்சி எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு விலை அதிகம். வங்கிக்காரன் கண்ணுக்கு இது அசல் ஓவர்டிராஃப்ட் வட்டிதான். தென்மண்டலத்தில் 2003 ஜனவரியில் இது வந்த பிறகு ஃபிரிக்வென்சி நன்றாகவே சீரானது. அதை மறுக்க முடியாது.

ஆனால் 2012-இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஜூலையில் வடக்கே பருவமழை ஏமாற்றியது. நெல் நட்டவன் மோட்டாரைப் போடாமல் என்ன செய்வான்? வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தன. மேற்கே மழை பெய்ததால் அங்கே தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சியதெல்லாம் வடக்கு நோக்கிப் பாய்ந்தது. வழியில் சில பாதைகள் ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தன. பாரம் முழுவதும் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் ஏறியது. ஜூலை 30, அதிகாலை 2.33. பாரம் தாங்காத நிலையை அதன் பாதுகாப்பு ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. வட மண்டலம் முழுக்க இருட்டு. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அதே பாதையில் அதே கோளாறு. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 60 கோடிக்கு மேல். ரயில்கள் நடுவழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. 30-ஆம் தேதி விழுவதற்குச் சற்று முன்பு ஃபிரிக்வென்சி 49.68. அப்போதைய விதிப்படி 49.5 முதல் 50.2 வரை சரி. அதாவது விலைக் கணக்கில் அபாயச் சங்கு ஊதவே இல்லை. ஏட்டில் லாபம் காட்டிக்கொண்டே கல்லாவில் பணமில்லாமல் போகும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அதே கதைதான். அந்த நேரத்தில் தொகுப்பைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, "குறை" என்ற மண்டல மையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது ஒன்றுதான். உத்தரவுகள் போயின. மாநில மையங்கள் போதிய அளவு கேட்கவில்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது.

ஏன் கேட்கவில்லை? 2003 மின்சாரச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி மண்டல மையத்தின் உத்தரவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்துக்கு அது டீச் செலவு. இன்னொன்றும் உண்டு. மாநில மையத்தில் உட்கார்ந்திருப்பவர் மாநில மின் நிறுவனத்தின் ஊழியர். தன் மேலதிகாரியின் ஊருக்குப் போகும் ஃபீடரை அவரால் எப்படி அணைக்க முடியும்? கிளை மேலாளருக்குக் கீழே வேலை செய்பவரையே அந்தக் கிளைக்குத் தணிக்கையாளராகப் போட்டால் என்ன ஆகும் என்று வங்கியில் இருந்த எவரும் சொல்வார்கள். லோடு டெஸ்பாட்ச் மையங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று அந்தக் குழுவும் பரிந்துரைத்தது. நம் மாநிலத்து மையமோ இன்றும் மின்தொடரமைப்புக் கழகத்தின் குடைக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்களில் மின்பாதைகள் உரசியதில் தொடங்கி, சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்கள். அதுவரை அங்கே நம்பகத்தன்மை விதிகள் எல்லாம் விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம். 2005-இல் சட்டம் போட்டு, 2007 ஜூனிலிருந்து கட்டாயமாக்கினார்கள். மீறினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்று அப்போது வைத்தார்கள். பாதை ஓரத்து மரம் வெட்டுவதற்கே தனி விதி.

2012-இல் தென்னகம் தப்பியது நம் சாமர்த்தியத்தால் அல்ல. அப்போது நம் தொகுப்பு மற்ற மண்டலங்களோடு நேர்மின்னோட்டப் பாதைகளால் மட்டுமே இணைந்திருந்தது. அங்கே விழுந்த அதிர்ச்சி இங்கே வரவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாமும் ஒரே தொகுப்பானோம். காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் இப்போது ஒரே ஃபிரிக்வென்சி. 2014-இலிருந்து அனுமதிக்கும் அளவும் 49.90 முதல் 50.05 வரை என்று இறுகியது. நல்லதுதான். அபராதப் பிரிவு மட்டும் இறுகவில்லை.

ஃபிரிக்வென்சி மிகவும் இறங்கினால் சில ஃபீடர்களைத் தானாகவே துண்டிக்கும் ரிலேக்கள் உண்டு. 2012-இல் அவையும் போதிய அளவு கைகொடுக்கவில்லை. எந்த ஃபீடரை அந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவு செய்வது மாநிலம். மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் விலக்கு கொடுப்பது நியாயம். மீதியில் தோட்டங்களுக்கு என்ன பங்கு, நகரத்துக்கு என்ன பங்கு? நம் சங்கங்கள் கேட்கவேண்டிய கேள்வி இது. இலவச மின்சாரம் வாங்குகிறவன் வாய் திறக்கக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். இலவசம் என்பது கட்டணத்துக்குத்தான், தரத்துக்கு அல்ல.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை. நேரடி ஃபிரிக்வென்சியை கிரிட் இந்தியா இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். தண்ணீர் குறைவாக வரும்போது பாருங்க. அங்கே 49.9, 50 என்று இருந்து, கிணற்றில் தண்ணீரும் இருந்து, மோட்டார் மட்டும் சூடானால் குற்றம் டெல்லியிலோ பெங்களூரிலோ இல்லை, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரிலோ கம்பியிலோ இருக்கிறது. மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் பத்து நாள் குறியுங்கள். அந்தக் கணக்கோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் உங்கள் மின்வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின்குறைதீர்ப்பாளர். வாய்ப்பேச்சாகச் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்பார்கள். நோட்டை நீட்டினால் பதில் எழுதியாக வேண்டும்.