மணி விற்ற பெருமானும் மரகதம் வாங்குவோரும்



சவ்வாது மலைத்தொடரை ஒட்டி உயர்ந்து நிற்பது பருவதமலை. மல்லிகார்ச்சுனப் பெருமானும் பிரமராம்பிகையும் எழுந்தருளிய அத்திருமலையை நோக்கியவாறே இன்று பேசுகின்றோம். மலைபடுகடாம் கூறும் நவிரமலை இதுவே என்பர் அறிஞர். மணிகள் மலையிற் பிறப்பன. ஆதலின் மலையடியில் மரகதத்தைப் பற்றிப் பேசுதல் பொருத்தமே. இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அஃது அடியேன் செய்த பிழை.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவில் மரகதலிங்க வழிபாட்டின் சிறப்பை விரித்துரைத்தேன். அதனைக் கேட்ட அன்பர் ஒருவர், மலைமேற் சிற்றூரில் சாமை பயிரிடுபவர், மறு ஆண்டு வந்து மடியிலிருந்து பச்சை இலிங்கம் ஒன்றை எடுத்துக் காட்டினார். உழவுமாடு இரண்டனுள் ஒன்றை விற்று வாங்கியதாகச் சொன்னார். உடனிருந்த நண்பர் மணியாராய்ச்சி அறிந்தவர். உருப்பெருக்காடியால் நோக்கினார், உள்ளே உருண்டைக் குமிழிகளைக் கண்டார், என்னைத் தனியே அழைத்து, "இது கண்ணாடி" என்றார். இலிங்கத்தின் பெருமையைச் சொன்ன யான், கல்லின் இயல்பைச் சொல்லாது விட்டேன்.

நம் முன்னோர் அங்ஙனம் விடவில்லை. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் உள்ளது. பாண்டியன் மறைந்தபின் முடியும் மணிகளும் களவு போயின. இளங்குமரனுக்கு முடிசெய்ய மணியின்றி அமைச்சர் வருந்தினர். சோமசுந்தரப் பெருமான் வணிகராய் வந்து நவமணி அளித்தார். அளித்ததோடு அமையாது, அவற்றின் பிறப்பையும் இயல்பையும் விளக்கினார். வலன் என்னும் அசுரனது பித்தமே மரகதமாயிற்று என்பது அங்குக் கூறப்படும் வரலாறு. விற்போன் பொருளின் தன்மையை வாங்குவோனுக்கு மறையாது உரைத்தல் வேண்டும் என்னும் வணிக அறத்தைப் பெருமானே காட்டியருளினார். சிலப்பதிகாரமும் மதுரை மணி வீதியைப் பாடுமிடத்து, ஏகை, மாலை, இருள் என்னும் குற்றங்கள் நீங்கிய மரகதத்தையே சிறப்பிக்கின்றது.

இக்கால அறிவியலார், மரகதம் பெரில் என்னும் கனிம வகையைச் சார்ந்தது என்பர். பெரிலியம், அலுமினியம், சிலிக்கா இவை சேர்ந்த படிகத்தில் குரோமியம் அல்லது வனேடியம் சிறிதளவு கலத்தலால் பசுமை உண்டாகிறது. பழங்காலத்தில் எகிப்தின் கீழ்ப்பாலைவனச் சுரங்கங்கள் புகழ்பெற்றிருந்தன. 16ஆம் நூற்றாண்டில் கொலம்பியாவின் மரகதம் இசுபானியர் வழியாக உலகெங்கும் பரவி, மொகலாயர் கருவூலத்தையும் நிறைத்தது. இன்று சாம்பியாவும் பிரேசிலும் மிகுதியாகத் தருகின்றன. நம் நாட்டில் இராசத்தானத்தில் 1940களில் மரகதம் கண்டெடுக்கப்பட்டது. சேலம் மாவட்டச் சங்ககிரிப் பகுதியிலும் 1990களில் கிடைத்தது. பண்டைநாளிற் பச்சைக்கற்கள் பலவும் மரகதம் என்னும் ஒரே பெயரால் வழங்கின என்பதையும் நினைவிற் கொள்க.

வாங்குவோர் அறியவேண்டியன சில. இயற்கை மரகதத்துள் நுண்ணிய கீற்றுகளும் பாசி போன்ற படலங்களும் பெரும்பாலும் காணப்படும். பெரிதாகவும், மாசின்றியும், மலிவாகவும் ஒரு கல் கிடைப்பின் ஐயுறுக. பாலில் இட்டால் பால் பசுமையாய்த் தோன்றும் என்று சொல்லி விற்பர். பச்சைக் கண்ணாடியும் அங்ஙனமே தோற்றும், ஆதலின் அஃது சோதனையாகாது. கீற்றுகளை மறைக்க எண்ணெய் ஊட்டுதல் வணிகத்தில் வழக்கம். எவ்வளவு ஊட்டப்பட்டது என்பதைக் கேட்டறிக. ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் உண்டு. அதனை வெறுங்கண்ணால் பிரித்தறிதல் அரிது. ஆதலின் மணி ஆய்வுக்கூடச் சான்றிதழும் எடை குறித்த பற்றுச்சீட்டும் இன்றி வாங்கற்க. எடை காரட்டால் அளக்கப்படும்; ஒரு காரட் 200 மில்லிகிராம். மரகதம் கடினமாயினும் எளிதில் விரிசலுறும். வெந்நீரும் புளிப்புப் பொருளும் அதற்கு ஆகா.

இனி அவ்வன்பரிடம் வருவோம். உண்மையை அவரிடம் உரைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கேட்டவர் சினக்கவில்லை. "அப்படியானால், சாமி, ஓராண்டாக நான் ஊற்றிய நீர் யாருக்குப் போயிற்று?" என்று வினவினார். "பெருமானுக்கே போயிற்று, ஐயா. பொய் விற்றவனுடையது, பூசை உம்முடையது" என்றேன். அவர் அதனை எறியவில்லை, இன்னும் பூசிக்கின்றார். மாட்டின் விலையைத் தவணையாக அவருக்குக் கொடுத்தேன். அது தானமன்று, கடன்.

இம்மாவட்டத்து வேட்டவலம் மனோன்மணி அம்மன் கோயில் மரகதலிங்கம் 2017இல் களவு போய், 2018இல் மீண்டது. திருடியவர் கண்டது விலையை. வணங்கினோர் கண்டது இறைவனை. திருவாரூர் முதலிய விடங்கத் தலங்களில் மரகதலிங்கத்தைத் தரிசிக்க ஒரு காசும் வேண்டுவதில்லை. திருஈங்கோய்மலையில் மலையே மரகதாசலம் எனப்படுகிறது. அங்குப் பெருமான் மரகதாசலேசுவரர். உத்தரகோசமங்கை மரகத நடராசர் ஆண்டெல்லாம் சந்தனக் காப்புள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையையொட்டித் திருமேனி காட்டுகிறார். பொருளுடையோர் ஆராய்ந்து வாங்குக. இல்லாதோர் அதன்பொருட்டு ஏரையும் மாட்டையும் இழவாதிருக்க. ஆற்று மணலைக் கூட்டி இலிங்கமாக்கி ஒரு வில்வம் சாத்தினும் பெருமான் ஏற்றருள்வார்.

திருச்சிற்றம்பலம்.